சக்கர தீந்துபோன வூடு

எங்க நைனாவுக்கு சுகர் இருக்குதுன்றது எங்க வூட்ல எல்லாருக்கும் தெரியும், நைனாவத் தவிர. எல்லாரும்னா பெரிய கூட்டம் இல்ல. அம்மாவும் நானும்தான். ரெண்டு பேரும் சேந்துகினு ஒரு மனுசன்கிட்ட ஒரு வருசத்துக்கு மேல மறச்சோம். அவரு நல்லதுக்குன்னு நெனச்சுதான் மறச்சோம். இப்ப யோசிச்சா எனக்கு எம்மேலயே எரிச்சலா வருது. எரிச்சல்படவும் இப்பல்லாம் தெம்பு இல்ல. ஒரு தடவ முழுசா சொல்லிட்டு வுட்டுடலாம்னு பாக்கறேன்.

எங்க ஊரு ஏரியோரம், தோணிரேவுக்குப் பக்கம். கடலோட சேர்ற உப்புத்தண்ணி ஏரி. இங்க நெனச்ச எடத்துல நெனச்ச நாளு வல போட முடியாது. மொற இருக்குது, அதுக்குப் பாடுன்னு பேரு. இன்னிக்கு ஒங்க பாடுன்னா நல்ல எடத்துல நீங்க வல கட்டலாம். நாளைக்கு வேற ஆளு. ஒன் பாடு அன்னிக்கு நீ போவலன்னா போனதுதான், மறுபடி மொற சுத்தி வர்ற வரிக்கும் காத்துகினு கெடக்கணும். அதனால ஜொரமோ சளியோ, பாடு அன்னிக்கு ஒரு ஆம்பளயும் வூட்ல தங்க மாட்டாங்க.

இன்னொரு வழக்கமும் இருக்குது. வலைக்குக் கெளம்பற ஆள ஒரு கேள்வி கேக்கக் கூடாது. எங்க போற, எப்ப வருவ, ஒடம்பு எப்டி இருக்குது, எதுவும் கூடாது. கேட்டா அன்னிக்கு வலையில ஒண்ணும் வுழாதுன்னு நம்பிக்க. சரி, திரும்பி வந்தப்பறம் கேக்கலாமேன்னா, களச்சிப்போயி வந்துருக்காரு, மொதல்ல துண்ணட்டும்னு அம்மா கண்ண காட்டும். துண்ணதும் படுத்துடுவாரு. அப்ப எப்பதான் கேக்கறது? எனக்கு இன்னி வரிக்கும் தெரியாது. பொறந்ததுலேந்து அப்டியேதான் வளந்தேன்.

ஒருநாளு எங்க ஊரு ஸ்கூல்ல மருத்துவ முகாம் போட்டாங்க. நான் அப்ப கம்பெனிக்கு வேன்ல போயிகினு இருந்தேன், அன்னிக்கு லீவு. நைனாவ நான்தான் கையப் புடிச்சி இஸ்துகினு போனேன். வெரல்ல குத்தி ரத்தம் எடுத்தாங்க. ரிசல்ட்டு வர்றதுக்குள்ள போட்ல ஆளு காத்துனு இருக்குதுன்னு நைனா ஜல்தியா எழுந்து போயிட்டாரு. சீட்ட எங்கையில குடுத்துட்டு நர்சு சொன்னாங்க, "ஒங்க அப்பாவுக்கு சுகர் ரொம்ப ஜாஸ்தியா இருக்குதுமா. ஆள கண்டிப்பா ஆஸ்பத்திரிக்கு கூட்டினு வா."

வூட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். எறா ஆஞ்சிகினு இருந்த அம்மா கைய அப்டியே நிறுத்திடுச்சி. மொதல்ல கேட்டது இன்னா தெரியுமா? "அவருகிட்ட சொல்லிட்டியா?" இல்லன்னேன். "சொல்லாத. எம்மேல சத்தியமா சொல்லாத"ன்னுச்சி.

அம்மாவ சும்மா திட்டவும் முடியாது. நைனாவோட அண்ணனுக்கு, அதாவது எங்க பெரிநைனாவுக்கு, முன்னாடி இதே சுகருதான். டாக்டரு சொன்ன அன்னிக்கே அவரு மனசு வுட்டுட்டாரு. ஏரிக்குப் போறத நிறுத்திட்டாரு. சோறு வேணாம், பேச்சு வேணாம்னு செவத்த பாத்துகினே படுத்துருந்தாரு. வருசம் திரும்பல, போயிட்டாரு. சுகர் கொல்லல, பயம்தான் கொன்னுச்சின்னு அம்மா எப்பவும் சொல்லும். அதே பயம் நைனாவுக்கும் வந்துட்டா அப்பறம் வூடு இன்னாவுறதுன்னு அதுக்கு கவல. எனக்கு மட்டும் பயம் இல்லியா? நானும் தலையாட்டிட்டேன்.

அதுலேந்து எங்க நாடகம் ஆரம்பிச்சுது. மறுநாளு காலையில டீயில சக்கர போடல. நைனா ஒரு வாய் குடிச்சிட்டு அம்மாவ பாத்தாரு. "சக்கர தீந்துபோச்சிய்யா. ரேஷன்ல இன்னும் போடல"ன்னு அம்மா சொல்லிச்சி. அவரு அப்டியே குடிச்சிட்டுப் போயிட்டாரு. அவருக்கு மட்டும் போடாம நாங்க போட்டுக் குடிச்சா சந்தேகம் வருமே, அதனால நாங்களும் சக்கர இல்லாமயே குடிச்சோம். ராத்திரி சோத்த கொறச்சிட்டு கேவுரு களி, காலையில கூழு. "அரிசி வெல ஏறிப்போச்சி, கூழு குடிச்சா வயித்துக்கும் குளுமை"ன்னு அம்மா ஒரு கத சொல்லும். நானும் பக்கத்துல ஒக்காந்து ஆமா ஆமான்னு மண்டய ஆட்டுவேன். அம்மா பொய்யி சொல்ற அழகு இருக்குதே, கூட இருக்கற எனக்கே சில நாளு நெசமாத்தான் அரிசி இல்லியோன்னு இருக்கும்.

நாலு நாளு கழிச்சி நைனா வரும்போது கையில ஒரு சக்கர பாக்கெட்டு. அடுப்பாண்ட வெச்சிட்டு கை கழுவப் போயிட்டாரு. அம்மா அத எடுத்து எங்கியோ ஒளிச்சி வெச்சிட்டு, மறுநாளும் சக்கர இல்லாத டீய குடுத்துச்சி. "இன்னாம்மே, வாங்கினு வந்தனே?"ன்னாரு. "பக்கத்து வூட்ல விசேசம், கைமாத்தா குடுத்துட்டேன்." அடுத்த மொற வாங்கினு வந்தாரு. "எறும்பு மொச்சிடுச்சி, கொட்டிட்டேன்." அப்பறம் அவரு காரணம் கேக்கறதயே வுட்டுட்டாரு. ஆனா வாங்கினு வர்றத மட்டும் வுடல. நாங்க ரெண்டு பேரும் தனியா இருக்கும்போது அத சொல்லி சிரிப்போம். அய்யோ, சிரிச்சோமே!

மாத்திரைக்கு நான்தான் மாசம் ஒரு தடவ சுகாதார நிலையத்துக்குப் போவேன். நைனா பேருல ஒரு நோட்டு போட்டுக் குடுத்துருந்தாங்க. முகாமுக்கு வந்த அதே நர்சுதான் அங்க இருப்பாங்க. "ஆளு எங்க?"ன்னு கேப்பாங்க. "ஏரிக்குப் போயிருக்காரு சிஸ்டர்"னு சொல்வேன். "கால்ல புண்ணு கிண்ணு எதுனா இருக்குதா? டெய்லி பாக்கணும் தெரியுமில்ல? வெரலு சந்துல, அடிப்பாதத்துல எல்லாம் பாக்கணும்." "இல்ல சிஸ்டர்"னு சொல்லிட்டு மாத்திரைய வாங்கினு வந்துடுவேன். பஸ்ஸுக்கு நேரமாயிடும். நான் எங்க நைனா கால என்னிக்கு பாத்தேன்? கேட்ட ஒடனே வாயில வந்துச்சி, இல்லன்னு. ஒவ்வொரு மாசமும் அதேதான் சொன்னேன். இத அம்மாகிட்ட கூட ரொம்ப நாளு சொல்லல.

மாத்திரைய நைனாகிட்ட சத்து மாத்திரன்னு சொல்லிக் குடுத்தோம். சத்து மாத்திரைன்னா யாரு ஒழுங்கா முழுங்குவாங்க? பாதி நாளு சட்டப் பையில போட்டுனு போயிடுவாரு. தொவைக்கும்போது பை முழுக்க மாவா கெடக்கும். ஒரு தடவ எங்கிட்டயே நீட்டுனாரு. "எனக்கு இன்னாத்துக்குமா சத்து, நீதான் எளச்சிப்போயி கெடக்கற, நீ முழுங்கு"ன்னாரு. நான் வாங்கினு வெளிய போயி தூக்கிப் போட்டுட்டேன்.

அந்த வருசம் மழ முடிஞ்சி எறா நல்லா வுழுந்துது. நைனா அவரு பாடு போதாதுன்னு, முடியாத ஆளுங்க பாட்டுக்கும் பங்குக்குப் போவ ஆரம்பிச்சாரு. அதுக்கு முன்னாடி அப்டிப் போனவரு இல்ல. கல்யாண வயசுல பொண்ணு இருக்குது, அதான் ஓடறாருன்னு அம்மா சொல்லிச்சி. எனக்கும் அப்டித்தான் பட்டுது. ஆரம்பாக்கம் பக்கத்துலேந்து ஒரு எடத்துல பேச்சும் நடந்துகினு இருந்துச்சி.

அப்பதான் ஷூ வந்துச்சி. பொறந்ததுலேந்து செருப்பு கூட ஒழுங்கா போடாத மனுசன், ஒருநாளு கறுப்பு கேன்வாஸ் ஷூவும் சாக்ஸும் போட்டுனு வந்து நிக்கிறாரு. நான் வுழுந்து வுழுந்து சிரிச்சேன். "இன்னா நைனா, பொண்ணு பாக்க வர்றது எனக்கா ஒனக்கா? மாப்ள மாதிரி நிக்கிறியே!" அவரும் சிரிச்சாரு. "சம்பந்தி வூட்டுக்காரங்க வர்றாங்க, மீன்காரன் காலு மாதிரி இருக்கக் கூடாதுல்ல, இப்பவே போட்டுப் பழவறேன்"ன்னாரு. அம்மா வாயில கை வெச்சுகினு சிரிச்சுது. நடையில லேசா சாஞ்சி சாஞ்சி போனாரு. புது ஷூ கடிக்குதுன்னு நெனச்சோம். காலையில கெளம்பும்போது கேக்கவும் கூடாது, வழக்கம் அப்டி. கேக்காம வுட்டோம்.

பின்னாடிதான் தெரிஞ்சுது, தண்ணியில எறங்கி வல கட்டும்போது கால சிப்பி கிழிச்சிருக்குது. அடிப்பாதத்துல, சுண்டுவெரலுக்குக் கீழ. எங்க ஊர்ல இது ஒரு காயமே இல்ல. எந்தப் புண்ணா இருந்தாலும் ஏரித் தண்ணியில போயி நில்லு, உப்புத் தண்ணி ஆத்திடும்னுதான் எல்லாரும் சொல்வாங்க. நானும் சின்ன வயசுல முட்டிய பேத்துகினு போயி நின்னவதான். ஆறியும் இருக்குது. நைனாவும் அதையேதான் பண்ணாரு. தெனமும் தண்ணியில நின்னாரு. மொத ரெண்டு நாளு எரிஞ்சிச்சாம். அப்பறம் எரியல, வலிக்கல. வலிக்கல, அதனால ஆறுதுன்னு நெனச்சாரு. சுகர் இருக்கற காலு வலிய காட்டாதுன்னு அவருக்கு எப்டித் தெரியும்? அவருக்குத்தான் சுகரே இல்லியே!

அவரு கூட போட்ல போற சித்தப்பாவுக்கு புண்ணு தெரியும். சொந்த சித்தப்பா இல்ல, கூட தொழில் பண்றவரு. நைனா கால்ல கிழிஞ்ச துணிய சுத்திகினு தண்ணியில எறங்கறத அவரு பாத்தாரு. "வூட்ல சொல்லிடாதடா. பொண்ணுக்கு பேச்சு நடக்குது, பயந்துடுவாங்க"ன்னு நைனா சொன்னாராம். அவரும் சரின்னுட்டாரு. அந்த சித்தப்பா வாரத்துக்கு நாலு தடவ எங்க வூட்டுக்கு வருவாரு. அந்த கூழத்தான் குடிப்பாரு. ஒரு வார்த்த சொல்லல.

வூட்ல ஒரு நாத்தம் வர ஆரம்பிச்சுது. எங்க வூட்ல நாத்தத்துக்கு இன்னா கொறச்சல், ஒரு பக்கம் எறா ஓடு, ஒரு பக்கம் கருவாடு. ஆனா இது வேற மாதிரி. எலி செத்துக் கெடக்குதுன்னு அம்மா சொல்லிச்சி. ஞாயித்துக்கெழம பூரா நான் பரண்மேல ஏறித் தேடுனேன், பீரோவ நவுத்துனேன், கூரைய கொம்பால குத்திப் பாத்தேன். எலி கெடைக்கல. நைனா கட்டில்ல ஒக்காந்து, ஷூ போட்ட கால மடக்கி வெச்சுனு நான் தேடறதயே பாத்துனு இருந்தாரு. "வுடுமா, தானா போயிடும்"னாரு. அம்மா சாம்பிராணி போட்டுச்சி.

பொண்ணு பாக்க வந்த அன்னிக்குதான் எல்லாம் ஒடஞ்சிது. வந்தவங்க வாசல்ல செருப்ப கழட்டிட்டு உள்ள ஒக்காந்துட்டாங்க. நைனா மட்டும் வாசல்லயே நின்னுகினு, கூல்டிரிங்ஸ் வந்துச்சா, சேர் போதுமான்னு ஏதோ வேல இருக்கற மாதிரி சுத்தினு இருந்தாரு. மாப்ளயோட அம்மா, "இன்னா சம்பந்தி, உள்ள வந்து ஒக்காருங்க, ஒங்ககிட்டதான பேசணும்"னாங்க. ஷூவ கழட்டாம சாமி படம் இருக்கற எடத்துக்கு எப்டி வருவாரு? நெலப்படியாண்ட குனிஞ்சி கயித்த அவுத்தாரு. ஷூ வரல. நான் டீ தட்ட எடுத்துனு அப்பதான் வெளிய வரேன். அவரு கதவ புடிச்சுனு நிக்கிறாரு, மூஞ்சி வேர்த்துக் கொட்டுது, ஒடம்பு நடுங்குது. தட்ட கீழ வெச்சிட்டு ஓடிப்போயி ஒக்கார வெச்சேன். தொட்டா நெருப்பா ஜொரம். "இரு நைனா, நான் கழட்டறேன்"னு ஷூவ புடிச்சி இஸ்தேன்.

சாக்ஸு தோலோட வந்துச்சி. அந்த நாத்தம் அங்கேந்துதான் வந்துச்சி. அந்த ஞாயித்துக்கெழம பூரா நான் பரண்லயும் கூரையிலயும் தேடுனது அந்த ஷூக்குள்ள இருந்துச்சி. "வலிக்கலமா, நெசமா வலிக்கல"ன்னு நைனா எனக்கு சமாதானம் சொல்றாரு. வந்தவங்க ஒவ்வொருத்தரா எழுந்து போனாங்க. அந்த சம்பந்தம் அன்னியோட போச்சி. போனா போவட்டும், அத நான் ஒரு நாளும் நெனச்சதில்ல.

பட்டணத்துல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சின்ன வயசு டாக்டரம்மா. காலப் பாத்துட்டு, "எத்தினி நாளா சுகர் இருக்குது?"ன்னு கேட்டாங்க. நைனா பளிச்சுன்னு சொன்னாரு, "எனக்கு அதெல்லாம் கெடயாதுமா. எங்க அண்ணனுக்குத்தான் இருந்துச்சி." டாக்டரம்மா எங்கள பாத்தாங்க. அம்மா தரைய பாத்துச்சி. மறைக்கறதுக்கு இனிமே இன்னா இருக்குது? பையிலேந்து அந்த நோட்ட எடுத்து மேசமேல வெச்சேன். நைனாவுக்குப் படிப்பு கொஞ்சம்தான், ஆனா அவரு பேர எழுத்துக்கூட்டிப் படிச்சிடுவாரு. அட்டையில இருந்த அவரு பேர படிச்சாரு. உள்ள பொரட்டுனாரு. மாசாமாசம் தேதி போட்டு கையெழுத்து இருக்குது.

கத்தியிருந்தா கூட பரவால்ல. அறஞ்சிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும். "எனக்கு இருக்கறது எனக்குத் தெரியக் கூடாதாம்மே?"ன்னு அம்மாவ பாத்து ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. அம்மா மூந்தானிய வாயில அடச்சுகினு வெளிய போயிடுச்சி. மொதல்ல கால்ல ரெண்டு வெரல எடுத்தாங்க. அழுகறது நிக்கல. அப்பறம் முட்டிக்குக் கீழ எடுத்தாங்க.

வூட்டுக்கு வந்தப்பறம் ஊர்ல கூடிப் பேசி, நைனா பாட்ட சித்தப்பா போட்டுக்கட்டும், பாதி பங்கு எங்களுக்குன்னு முடிவு பண்ணாங்க. நல்ல மனசுக்காரங்கதான். சித்தப்பா பங்க கொண்டாந்து குடுக்கும்போது தலைய தூக்க மாட்டாரு. நைனா பெரிநைனா மாதிரி செவத்த பாத்து படுத்துக்கல. அதான் எனக்கு தாங்க முடியாதது. எந்த பயத்துக்காக மறச்சோமோ, அந்த பயம் அவருக்கு வரவேயில்ல. மாத்திரைய நேரத்துக்கு கேட்டு வாங்கி முழுங்கறாரு, கேவுரு களிய கூட கேட்டுத் துண்றாரு. மொதல்லயே சொல்லிருந்தாலும் இதையேதான் பண்ணிருப்பாரு. நாங்கதான் அவர நம்பல.

போன மழக்கி முன்னாடி ஒருநாளு, சாயங்காலம். வேன்ல எறங்கி வூட்டுக்கு வரேன். நைனா நடுவூட்ல ஒக்காந்து, பழைய வலைங்க போட்டு வெக்கிற நீல டிரம்ம சாச்சி, கயிறு தேடிகினு இருந்துருக்காரு. அவரச் சுத்தி தரையில சக்கர பாக்கெட்டுங்க. ஏழு இருந்துச்சி. எல்லாம் கல்லா எறுகிப்போயி கெடந்துச்சி. அம்மா தண்ணி கொடத்தோட வாசப்படியில நிக்கிது, உள்ளயும் வரல, வெளியயும் போவல.

"இத்தினி சக்கர வூட்லயே இருந்துச்சா?"ன்னு நைனா கேட்டாரு.

அம்மா பக்கம் திரும்பி அவரே சொன்னாரு.

"நான் வாங்கியாந்தத நீ கடையில திருப்பிக் குடுத்துட்டு அரிசி வாங்கறன்னு நெனச்சேன். நீயும் பொண்ணும் சக்கர இல்லாத டீய குடிச்சினு ஒக்காந்துருப்பீங்க. தெனமும் கூழு. நான் பாத்துனேதான் இருந்தேன். ஒரு டீக்கு சக்கர போட வழியில்லாம வெச்சிருக்கமேன்னு இருக்கும். அதான் அடுத்தவன் பாட்டுக்கும் போனேன். கால சிப்பி கிழிச்சுது, சொன்னா ஆஸ்பத்திரி, செலவு, பத்து நாளு வூட்ல ஒக்காரணும். சக்கரைக்கே இல்லாத வூட்ல இத எப்டி சொல்றது?" ஒரு பாக்கெட்ட எடுத்து தரையில தட்டிப் பாத்தாரு. "இவ்ளோ இருந்துச்சா?"

அம்மா கொடத்த எறக்கி வெச்சிட்டு வாசப்படியிலயே ஒக்காந்துடுச்சி. நான் கம்முனு நிக்கிறேன். அப்பதான் எனக்கு ஆத்திரமா வந்துச்சி, இவங்கமேல இல்ல, எம்மேல. இவ்ளோ ஆனப்பறமும் அதே மாதிரி வாய மூடினு நிக்கிறனேன்னு. அவராண்ட போயி தரையில ஒக்காந்தேன்.

"நைனா, ஒண்ணு சொல்றேன். நர்சு மாசாமாசம் எங்கிட்ட கேட்டாங்க, ஒங்க அப்பா கால்ல புண்ணு இருக்குதான்னு. நான் இல்லன்னு சொன்னேன்."

"பாத்துட்டா சொன்ன?"

"இல்ல நைனா. ஒரு தடவ கூட பாக்கல."

எம்மூஞ்சிய பாத்தாரு. கண்ணு கலங்கிச்சி, தொடச்சிக்கல. அப்பறம் சக்கர பாக்கெட்டுங்கள கையால ஓரமா ஒதுக்கிட்டு, இருக்கற ஒத்தக் கால எம்மடிமேல தூக்கி வெச்சாரு.

"சரி, இப்ப பாரு"ன்னாரு.